ஈரோட்டில் ஓர் அடி, இங்கே அரை அடி

ஜூலை 16, 1927

காலையில் தூறல். திருச்சிப் பாலத்து அளவுகோலில் காவேரி ஐந்து அடி. ஈரோட்டுத் தந்தியும் வந்தது. இரண்டையும் பதிவில் ஏற்றுவதுதான் ஆபீஸில் என் வேலை. அங்கே இன்று எத்தனை அடி, இங்கே மறுநாள் எத்தனை அடி.

ஒன்றை வைத்து மற்றதை முன்கூட்டியே சொல்ல முடியாதா? ஹெட் கிளார்க் வரதாச்சாரியிடம் கேட்டேன்.

"காவேரி உம்ம காகிதத்தைப் பார்த்துண்டா வரப்போறா, ஓய்?"

வாங்க வேண்டியது: குண்டூசி, கட்டம் போட்ட தாள், மண்ணெண்ணெய்.

ஜூலை 17

ஞாயிறு. நல்ல வெயில். பலகையில் தாளை ஒட்டினேன். குறுக்கே ஈரோடு, மேலே திருச்சி. போன வருஷத்துக் கணக்கிலிருந்து இருபத்துமூன்று நாள், நாளுக்கு ஒரு குண்டூசி. சிதறல்தான். ஆனால் மேல்நோக்கிச் சாயும் சிதறல்.

என் மனைவி ஸகீனா தையல் நூலை நடுவில் இழுத்துப் பிடித்தாள். "எல்லா ஊசியையும் தொடாதுங்க."

தொட வேண்டாம், மொத்தத் தப்பு குறைந்தால் போதும் என்றேன். சும்மா கூட்டினால் மேலே தப்புவதும் கீழே தப்புவதும் கழிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு தப்பையும் அதாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும்.

"அப்ப ஒரு நாள் ரெண்டடி தப்புறதைவிட நாலு நாள் அரையடி தப்புறது தேவலை."

அதேதான். எனக்கு இது புரியக் கல்லூரியில் ஒரு மாதம் ஆனது.

சராசரி ஈரோடு ஆறு, இங்கே நாலு. கோடு அந்த இடம் வழியாகத்தான் போகும். சாய்வு: அங்கே ஓர் அடி ஏறினால் இங்கே அரை அடி. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு.

ஜூலை 19

தந்தி: ஈரோடு பதினொன்று. சராசரிக்கு ஐந்து மேலே. பாதி இரண்டரை. நாலோடு கூட்ட, நாளை இங்கே ஆறரை.

உறையூர்ப் பக்க மணல் திட்டு ஆறடியில் முழுகும். அங்கே மருதமுத்து, என் பள்ளித் தோழன், சாயமேற்றிய நூலைக் காயப்போட்டிருந்தான். சைக்கிளில் விரைந்தேன்.

"ஈரத்தோட அள்ளினா செவப்பு திட்டுத் திட்டாயிடும்ப்பா. நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம்னு இல்லை. அரையடி முன்னே பின்னே இருக்கும்."

"வராமலும் போகலாம்."

"போகலாம். ஏழடியும் வரலாம்."

மருதமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். இருவருமாகக் கரையேற்றினோம். முழங்கை வரை எனக்குச் சிவப்பு. தண்ணீர் வராவிட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஜூலை 20

ஆறடி ஓரங்குலம். திட்டைக் காணோம். தப்பு ஐந்தங்குலம்.

மருதமுத்து கரையில் சிரித்தபடி. இரண்டு கட்டுதான் திட்டுத் திட்டாம். "அதை உனக்குக் கைலியா நெய்யச் சொல்றேன். பெருவெள்ளத்துக்கும் இதே கணக்குதானா?"

இல்லை. என் ஊசிகள் ஈரோட்டில் பன்னிரண்டடியோடு சரி. அதற்கு மேல் நூலுக்கு எதுவும் தெரியாது. அப்படியே சொன்னேன்.

ஜூலை 21

மேகமூட்டம். தந்தி: ஒன்பது. வரதாச்சாரி தானே என் மேஜைக்கு வந்தார், மெதுவாக.

"நாளைக்கு ஸ்ரீரங்கத்துக்குச் சம்பந்தி வரா, ஓய். ஆத்துல ஸ்நானம் பண்ணணுமாம். எத்தனை அடி இருக்கும்?"

"ஐந்தரை, சார். அரையடி முன்னே பின்னே."

"முன்னேயா, பின்னேயா?"

"அது உங்க பெருமாளுக்குத்தான் வெளிச்சம்."

"சரி, சாயங்காலம் போய்க் கேட்டுடறேன்" என்று குடையை எடுத்தார்.