பவளப்பாறை வாயில் விளக்கு இருட்டிய பிறகும் எரியாமை

அனுப்புநர்:
லோபெத்தி ஃபிஃபிதா,
மின்பணியாளர், ஹோலோமுவா தீவு, தோங்கா.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
கடல்விளக்குப் பிரிவு, தலைநகர்.

பொருள்: விளக்குத் தூணில் தகர மறைப்பு வைக்க அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படகுகள் பாறை இடைவெளியில் நுழைய வழிகாட்டும் எங்கள் வாயில் விளக்கு பழுதில்லை. சென்ற மாதம் பகலில் வந்த தங்கள் ஆய்வாளர் அதன் ஒளியுணர்வியைக் கையால் மூடினார், விளக்கு எரிந்தது. "நல்லாத்தான்யா எரியுது" என்று கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

2. ஒளியுணர்வி என்பது ஒரு சிறு மின்தடையம்தான். வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும், இருட்டினால் தடுக்கும். அது தடுக்கும்போதுதான் விளக்கு எரியும். எது சூரியன், எது வேறு வெளிச்சம் என்று அதற்குத் தெரியாது.

3. ஏப்ரலில் தேவாலய முகப்பில் பெரிய மின்சிலுவை வைத்தோம். அதிலும் இதே உணர்விதான். ஈரப்பலா மர நிழலில் இருப்பதால் அது முந்திக்கொண்டு எரிகிறது. எதிரே அறுபது அடியில் நிற்கும் தங்கள் விளக்கு, பொழுது இன்னும் சாயவில்லை என்று நம்பிவிடுகிறது. சிலுவைக்குக் கம்பி இழுத்தவன் நானே.

4. சிலுவையை அணைக்கச் சபையில் கேட்டேன். சபையார் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

5. இரண்டு வாரத்துக்கு முன் என் மனைவியின் தம்பி செமிசியின் படகு பாறையில் கிழிந்தது. அவர் நீந்தி வந்தார். அவருடைய நாய் வரவில்லை. "வெளிச்சத்தப் பாத்துத்தான் மச்சான் வந்தேன்" என்றார். அவர் பார்த்தது சிலுவையை. அதை நோக்கி வருபவர் நேரே பாறைமேல்தான் ஏறுவார்.

6. தூணைத் தொட்டால் தண்டனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தங்கள் அலுவலகத்திடம் வானொலித் தொடர்பில் இருமுறை அனுமதி கேட்டேன். எழுத்தில்தான் அனுமதி தருவோம் என்றார்கள். இம்மனு நாளைப் படகில் வருகிறது. தங்கள் பதில் வெள்ளிக்கிழமைப் படகில் வரும். அது வாயிலுக்கு வரும் நேரம் மாலை ஏழு மணி. பிரசவத்துக்குத் தலைநகர் போயிருக்கும் என் மனைவி மெலேயும், பிறந்து ஒன்பது நாளான மகளுடன் அதில்தான் வருகிறாள்.

7. ஆகவே, அப்படகைப் பகலில் வந்து சேருமாறு அனுப்பவோ, அனுமதியை வானொலியிலேயே சொல்லவோ பணிவுடன் வேண்டுகிறேன். வெள்ளியன்று நான்கு மணிக்கு நீர் வற்றும். தூணில் ஏணி சாத்த அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. சிலுவை வெளிச்சம் உணர்வியில் படாதபடி மறைக்க, மாட்டுக்கறி டப்பாவை வெட்டித் தகரம் தயாராக வைத்திருக்கிறேன்.

8. அதற்குள் தங்களிடமிருந்து ஒரு சொல்லும் வராவிட்டால், அடுத்த ஆய்வின்போது தூணில் தகரம் இருக்கும். அதை வைத்தவன் பெயர் கீழே உள்ளது.

இடம்: ஹோலோமுவா
நாள்: 14 ஜூலை, செவ்வாய்

இப்படிக்கு,
லோபெத்தி ஃபிஃபிதா