வெறும் தட்டைச் சுற்ற விட்ட மூப்பருக்கு

என் அன்பு மாமிக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் சபை நம் சபைதான் என்று முடிவாகிவிட்டது. கடற்கரையில் இருந்ததும், இப்போது உன்னிச்சைப் பாதையோரம் இருப்பதும் ஒன்றேதான். அதில் யாருக்குச் சந்தேகம் என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள். சந்தேகம் வந்தது மாமி, அதுவும் வெளியாருக்கு இல்லை, நம் பிரெஸ்பிட்டேரியன் சபைகளை மேற்பார்க்கும் பெரியவர்களுக்கே. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு பேர் கண்ணில் பட்டாலும் எனக்குச் சந்தோசமே. உங்களைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

சபையின் சரித்திரத்தை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்தவன் நான். வெல்லாவெளியில் வட்டைக்குள் வயலும் மாடும் பார்த்துத் திரிந்தவன், உங்கள் மகளைக் கட்டித்தான் இந்தச் சபைக்கே வந்தேன். "வெளியில இருந்து வந்தவர் எழுதினாத்தான் மறுகா சண்டை வராது" என்று மலர் சொல்லிவிட்டாள். உங்கள் மகள் சொன்ன பிறகு மறுத்துப் பேச முடியுமா?

தொடக்கத்தில் எழுத்து நன்றாகத்தான் ஓடியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு சின்னக் கோயில், அதைச் சுற்றி மீன்பிடிக் குடும்பங்கள், இரண்டு வாத்தியார்மார், ஒரு தையற்காரர். பிறகு கடல் ஊருக்குள் வந்தது. கோயில் போனது, ஆட்களும் போனார்கள். அந்தக் கரையில் மறுபடி கட்ட அனுமதி இல்லை என்றார்கள். மிஞ்சியவர்கள் முகாமில் கிடந்து, கடைசியில் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு வந்து காணி வாங்கிக் குடியேறினோம்.

எழுதியதை வாசித்த பெரியவர்கள் அந்த முகாம் நாட்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அப்பம் பிட்டுப் பகிரும் திருவிருந்து நடந்ததாக எங்கும் பதிவில்லை, ஆகவே கடற்கரைச் சபை கடலோடு முடிந்தது, இங்கே இருப்பது புதுச்சபை, புதுச்சபை என்றால் பட்டணத்துச் சபைக்குக் கீழே இருக்க வேண்டும், சபையை நடத்தத் தனக்கென்று மூப்பர் வைக்க முடியாது. இப்படிப் போனது அவர்கள் கணக்கு. என்னைச் சுட்டது இது மட்டுமில்லை. முகாமில் சபையே இல்லை என்றால், அங்கே நீங்களும் மூப்பர் இல்லை. அந்த முகாமில் இரவு பகலாக ஓடித் திரிந்த பெண் யாராம்? எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மலர் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அந்த ஞாயிறு எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மேசைகளை நீளமாகச் சேர்த்துப் போட்டு, யாரோ கொடுத்த வெள்ளைச் சீலையை விரித்தீர்கள். நம் சபையில் முழங்காலில் நின்று திருவிருந்து வாங்குவதில்லை. ஒரே மேசையைச் சுற்றி இருந்து, அப்பத் தட்டைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்போம். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருத்தினீர்கள். ஆனால் போதகர் இல்லை. பாலம் உடைந்து அவர் வரப் பாதை இல்லாமல் கிடந்தது.

காத்தான்குடிப் பேக்கரியிலிருந்து ஆதம்பாவாக் காக்கா சுடச்சுடப் பாண் கொண்டுவந்தார். "மாமி, பாண் இருக்கு. நீங்க மூப்பர்தானே, பிட்டுக் குடுங்க" என்றேன் நான்.

"மருமகன், போதகர் பிட்டாத்தான் அது திருவிருந்து. நாம பிட்டா அது பாண். பாணை மறுகா எல்லாருமாச் சாப்பிடுவம். இப்ப தட்டை வாங்கி அங்கால குடுங்க."

சமையற்கட்டிலிருந்து வாங்கிய அலுமினியத் தட்டு அது. அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கைக்குக் கை போய், மேசையை முழுதாகச் சுற்றி உங்களிடம் வந்தது. வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் பாடினோம். அதற்குப் பிறகுதான் சாப்பிட விட்டீர்கள்.

இதையெல்லாம் பெரியவர்கள் நடத்திய விசாரணையில் சொன்னேன். "நீங்க அவவுட மருமகன், அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்று சிரித்தார்கள். சபைக்காரர் யார் சொன்னாலும் இதே பதில். ஆதம்பாவாக் காக்கா இன்றைக்கும் முச்சக்கர வண்டியில் பாண் கொண்டு நம் பக்கம் வருகிறார். பாண் வாங்கும்போது அவரிடம் புலம்பினேன். "நான் வாறன்" என்றார், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்குத் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாக வந்து முன்வரிசையில் இருந்தார். பெரியவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பாணை மேசையில வைக்கப் போனன். அந்தம்மா வாங்கி ஒரு பக்கமா வெச்சிட்டு வெறும் தட்டைச் சுத்த விட்டாங்க" என்று தொடங்கினார். "எனக்குச் செரியான கோவம். நம்மட முஸ்லிம் ஆக்கள்ட பாண் இவங்களுக்கு ஆகாதாக்கும் எண்டு நெனச்சன். மறுகா அவங்களே வந்து சென்னாங்க, 'காக்கா, உங்கட பாண்ல ஒரு குறையும் இல்ல, அதைப் பிட்க எங்களுக்குத்தான் உரிமை இல்ல' எண்டு. பிள்ளைகள் பசியில கிடக்கக்குள்ளயும் சட்டம் பாத்த ஆக்கள் இவங்க. இவங்க சபை இல்லாட்டி வேற யாரு சபை?"

பிறகு தலைமையில் இருந்த வயதான போதகர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "போதகர் இல்லாமப் பிட்கக் கூடாதெண்டது எங்கட சட்டம். அதைக் காப்பாத்தினதுக்கு நாங்களே தண்டனை குடுக்கிறதா?" என்றார். அன்றே எழுதிக் கையெழுத்தும் வைத்தார்கள்: சபை முடியவில்லை, இடம் மாறியது. முகாமில் அதை நடத்திய மூப்பர் என்று உங்கள் பெயரும் அதில் இருக்கிறது.

வெளியே வந்து மலர் அழுதாள். நானும் அழுதேன், ஒளிப்பானேன். எனக்கு அப்படி ஒரு பெருமை, மாமி. யாராவது பார்ப்பார்கள் என்றா அதைச் செய்தீர்கள்? அப்பத்தை விட்டுக்கொடுத்தாலும் ஒழுங்கை விடக்கூடாது என்று அந்த இழவு வீட்டு நாட்களில் எப்படித்தான் நினைத்தீர்களோ. கேட்க இப்போது நீங்கள் இல்லை.

இன்னொரு செய்தி. போன ஞாயிறு என்னையும் மூப்பராகத் தெரிந்தெடுத்தார்கள். சிரிக்காதீர்கள். மலர் சிரித்த சிரிப்பே போதும்.

இந்த இடமும் நிலையென்று சொல்ல முடியாது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கோயில் வளவுக்குள் தண்ணீர் வருகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் பயப்படவில்லை. நாளைக்கு இங்கிருந்தும் கிளம்ப வேண்டி வந்தால், போய்ச் சேருகிற இடத்தில் முதலில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருத்துவேன். கூரையைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் சபைக்காரனாகிவிட்ட
உங்கள் மருமகன்