மாவு படிந்த மைக் வலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, அதுவும் யாராவது விசாரித்தால்தான் வலிக்கும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்டால் ஆமாம் ஆமாம் என்கிறாய். அந்த இரண்டாவது ஆமாமில்தான் எனக்குச் சந்தேகம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் போன் கடைக்குள் அல்லவா இருக்கிறது. நான் உன்னோடு பேச ஆரம்பித்தால் போதும், உன் அப்பா பக்கத்தில் வந்து எதையோ தேடுகிற மாதிரி நிற்கிறார். எட்டு மாதமாகத் தேடுகிறார், இன்னும் கிடைத்தபாடில்லை. இது அவர் காதில் விழக்கூடாத சமாசாரம், அதனால் உன் மைக்குக்கான புது வலையோடு சேர்த்துப் பார்சலில் வைக்கிறேன்.

உன் மைக்குக்கு நான் போன மாதம் அனுப்பிய வலை சரியில்லை என்று எழுதியிருந்தாய். அதை முன்னால் மாட்டிப் பேசினால், தலையணைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கேட்கிறது என்றாய். என் வாய் சும்மா இருக்குமா, அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன். சல்லடைச் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த உன் அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாகச் சல்லடை கட்டுகிறேன், மில்லுக்காரன் முதல் மருந்து கம்பெனிக்காரன் வரை எவனும் ஒரு குறை சொன்னதில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நீ பாங்கு வேலையை விட்டுவிட்டு மைக் செய்யப் போனதிலிருந்து உன்னிடம் பேசுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார் இல்லையா, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம்தான் சொல்கிறார். கேட்டுக் கேட்டு அந்தச் சுவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

ஆனால் நீ எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வலையைத் தட்டினால் வெள்ளையாகத் தூள் கொட்டுகிறது, ஏதாவது ரசாயனப் பூச்சா என்று கேட்டிருந்தாய். ரசாயனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது மாவு. வலைக் கண்ணெல்லாம் மாவு அடைத்துக்கொண்டால் உன் குரல் எந்த வழியாகப் போகும்?

ஒரு பிடி மாவைச் சலித்துப் பார்க்காமல் நம் கடையிலிருந்து எந்தச் சல்லடையும் வெளியே போகாது, உனக்கே தெரியும். ஆனால் மைக் வலைக்கு எதற்கு மாவு? நான் வெட்டினேன், சுருட்டினேன், பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அப்போது கடையில் இருந்த ஆள் ஒரே ஆள்தான்.

போய்க் கேட்டேன். பூனையாக இருக்கும் என்றார். பூனை வந்து மாவு சலித்துவிட்டுப் பொட்டலத்தையும் கட்டி வைத்துவிட்டுப் போனதா என்றேன். சுத்தியலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். அப்புறம், கண் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா, அவ்வளவு தூரம் போகிற சரக்கு அல்லவா என்று முணுமுணுத்தார். மைக்காவது மண்ணாங்கட்டியாவது என்று எட்டு மாதமாகக் குதிக்கிற மனுஷன்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையிலேயே கடையில் இருக்கிற வலையையெல்லாம் இழுத்துப் பரப்பிவிட்டார். வாடிக்கையாளர் ஒருத்தர் கேட்டாராம். யார் என்று நான் கேட்கவில்லை. எவர்சில்வரை முதலிலேயே ஒதுக்கிவிட்டார். வலையை மைக் உடம்போடு ஈயம் வைத்து ஒட்டாவிட்டால் இரைச்சல் வரும் என்று நீ முன்பு போனில் சொன்னாயே, அதை ஒட்டுக்கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். எவர்சில்வரில் ஈயம் லேசில் பிடிக்காது, பித்தளைதான் சரி என்று சுவருக்கு விளக்கினார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு வலையாக முகத்துக்கு நேரே பிடித்து, அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்து, காற்று எவ்வளவு அடிக்கிறது என்று பேசிப் பார்த்தார். 'ப' சொன்னால்தான் மைக்கில் காற்று குத்துகிறது என்று நீ சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. சில்லறை மாற்ற வந்த எதிர்க்கடைத் தையல்காரர் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு எத்தனை நாளாக இப்படி என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். 'ப' வேண்டுமென்றால் பூட்டு என்று சொல்லலாம், பம்பரம் என்று சொல்லலாம். இவர் காலையிலிருந்து மத்தியானம் வரை பாப்பா, பாப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நீ போனதிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

கடைசியில் இரண்டு தேறின. இரண்டும் பித்தளை. அங்குலத்துக்கு இருபது கண் உள்ளது முரட்டு வலை, கீழே விழுந்தாலும் நசுங்காது, அது வெளியே. அறுபது கண் உள்ளது மெல்லிய கம்பி, குத்துகிற காற்றை உடைத்துக் குரலை மட்டும் விடும், அது உள்ளே. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்திருக்கிறார். வெளி, உள் என்று சீட்டு எழுதி ஒட்டியிருப்பதும் அவர் கைதான். எதற்கும் மாட்டுவதற்கு முன் ஒரு தடவை தட்டிப் பார், அவரை நம்ப முடியாது.

இனிமேல் வலை விஷயமாக எனக்கு எழுதாதே. தினமும் காலை பத்து மணிக்கு நான் காய்கறி வாங்கப் போகிறேன். அப்போது போன் அடித்தால் வாடிக்கையாளர் என்று நினைத்து எடுத்துவிடுவார். எடுத்ததும் மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, வைத்துவிடுவார். உள் வலையும் வெளி வலையும் ஒட்டியிருக்க வேண்டுமா, நடுவே இடைவெளி வேண்டுமா என்று மட்டும் கேள். பதில் உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள், கண்ணு. அவர் எவ்வளவு நேரம் விளக்கினாலும் நடுவில் பேசாமல் கேட்டுக்கொள். அவர் போனில் இருப்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டால், ஒரு மணி நேரமானாலும் நான் உள்ளே வர மாட்டேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா