ஷேர் ஆட்டோவில் புரோட்டான்

என் மனைவி செங்கமலத்துக்கு,

எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்காதே, பள்ளிக்கூடம் போனவள் நீ. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்குச் சுகம்தான்.

திருப்பதியில் நான் பெருக்கும் காலேஜில் தேவயானி மேடம் பாடம் நடத்தினார், வாசலில் பெருக்கிக்கொண்டே கேட்டேன். அணுவுக்குள் இருக்கும் புரோட்டான், எலெக்ட்ரானைவிட ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கு மேல் கனமாம். எலெக்ட்ரானின் பருமனை யாராலும் இன்னும் அளக்கவே முடியவில்லையாம். ஆனாலும் இரண்டுக்கும் சார்ஜ் சமம் என்றார்.

"திருச்சானூர் ஷேர் ஆட்டோவுலயும் குண்டனுக்கும் ஒல்லிக்கும் ஒரே சார்ஜ்தானே மேடம்?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"ஆட்டோ சார்ஜ் இல்ல தாத்தா, கரண்ட் சார்ஜ். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். நியூட்ரான்னு இன்னொண்ணு இருக்குது, புரோட்டானைவிடத் துளி கனம் ஜாஸ்தி. அதுக்கு சார்ஜே கெடையாது."

"ஓசியில போய்க்கினு இருக்குதா? டிரைவருக்கு மச்சானா?"

ஏன் இரண்டும் சமம் என்று கேட்டேன். அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.

அன்றிலிருந்து அதே நினைப்பு. நீ ஒல்லி, நான் குண்டு. நீ போகாதே என்றாய். என் பேச்சுதான் கனம் என்று நான் இங்கே வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன். காலேஜில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். போன தடவை என் பேச்சு நடந்தது, இந்தத் தடவை உன்னுடையது. இருக்கட்டுமா, வரட்டுமா?

எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு, தனியாகச் சோறு இறங்கவில்லை. கை வலிக்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் "வா" என்று நீ சொல்லிவிட்டால் எழுத மாட்டேன், வந்துவிடுவேன்.

மாசிலாமணி