பூஜ்யமாக வைத்த மூச்சு

அண்ணனுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார் என்று நேற்று போனில் சொன்னேன். அது பொய். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. திங்கட்கிழமை டயாலிசிஸ் தொடங்குகிறார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் சிப்பின்மேல் முடியைவிட மெல்லிய அலைவழிகள் செய்து, அவற்றில் நடு அகச்சிவப்பு ஒளியை ஓடவிடுகிறோம். மூச்சில் அம்மோனியா மிகுந்தால் அந்த ஒளி ஓரிடத்தில் குறையும். சிறுநீரக நோயை முன்கூட்டியே அறியத்தான் இவ்வளவும். ஒப்பிட ஓர் ஆரோக்கியமான மூச்சு தேவைப்பட்டது. அக்கரையில் பிறை ஊர்த் தொழிற்சாலையில் முப்பது வருடமாக ஒரு நாள்கூட எம்சி என்று மருத்துவ விடுப்பு எடுக்காத அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

சனிக்கிழமைதோறும் ஃபெரியில் ஆய்வகத்துக்கு வருவார். "போலீஸ் ரோட்பிளாக்ல ஊதுற மாதிரி இருக்கு. சமான் எழுதி ஃபைன் போட்டுடாத லா!" என்று சிரித்துவிட்டுக் குழாயில் ஊதுவார்.

முதல் நாளே ஒளி அந்த இடத்தில் குறைந்தது. சிப்பில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். வாராவாரம் அவர் மூச்சையே பூஜ்யமாக வைத்து, அந்தக் குறைவை மற்ற எல்லோருடைய அளவிலிருந்தும் கழித்தேன். எட்டு மாதம் திரையில் அப்பா நேர்கோடாகவே இருந்தார்.

"கால் வீங்கினப்பவே வந்திருக்கலாமே, அங்கிள்?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிந்துகொண்டார்.

"எதுக்கு டாக்டர்? வாரம் தவறாம மக மெஷின்ல ஊதுறேன். ஏதாச்சும் இருந்தா அவ சொல்லியிருப்பா லா."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

திங்கட்கிழமைக்குள் வாருங்கள். அவரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். சொன்னதும் அவர் என்னைத் தேற்றத் தொடங்குவார். அதைத் தனியாகத் தாங்க என்னால் முடியாது.

உங்கள் தங்கை