கொக்கியருகே வெளுத்த சங்கிலி

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. கிண்ணத்தில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை வந்ததும் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த கை தானாக நின்றுவிட்டது. மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம், தூரத்தில் எருமைகளின் மணிச்சத்தம், ஈரக் கூந்தலோடு பின்கட்டில் நீங்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் தெரிகிறது.

கடல் கடந்து வந்த இந்த ஊரில், சுண்ணாம்புக் கம்பம் என்ற பேட்டையில், அந்தக் கடைவீட்டு மாடியில், உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். என் மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது வெள்ளைக்கார டாக்டரை நீங்கள்தான் அழைத்துவந்தீர்கள். உங்கள் கழுத்து வெறுமையாக இருந்ததை நான் மூன்றாம் நாள்தான் பார்த்தேன். பதறிப்போய்க் கேட்டதற்கு, "சங்கிலி கழுத்துல கெடந்து என்னத்தச் செய்யப்போவுது? புள்ள எந்திரிச்சு உக்காரட்டும்" என்றீர்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அதே மாதம் நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மாமியார் கப்பலேறுகிறார். அந்தச் சங்கிலியோ, கல்யாணத்தன்று அவர் தம் கழுத்திலிருந்து கழற்றி உங்களுக்குப் போட்டது. விற்ற செய்தி உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் தாயாரிடம் சொல்லும் தைரியம் அவருக்கும் இல்லை. ஊரார் பிள்ளைக்காக விற்றாள் என்று தெரிந்தால் மாமியார் உங்களை மறுகப்பலிலேயே ஊருக்கு அழைத்துப் போய்விடுவார் என்று இரண்டு பேரும் பயந்தீர்கள்.

அவர் வருமுன் அதே மாதிரி முலாம் சங்கிலி ஒன்று வாங்கிவிட, நகை செய்யும் பத்தரிடம் போனோம். அவர் சிவப்புத் துணியில் மூன்று சங்கிலிகளை வைத்தார். செம்பின் மேல் முலாம் பூசியதுதான் கண்ணைப் பறித்தது. இந்த ஊர் வேர்வைக்கு இரண்டு மாதம் தாங்காது, கழுத்து பச்சையாகிவிடும் என்றார். அடுத்தது பித்தளையில் தங்கத் தகடு பதித்த சீமைச் சரக்கு. அது லேசில் தேயாது, ஆனால் கனமில்லை. மூன்றாவது, அவரே வெள்ளியில் செய்து, பாதரசத்தில் தங்கம் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டி எடுத்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தீர்கள்.

"எங்க மாமியா கண்ணால பாத்து நம்பாது. கையில தூக்கிப் பாக்கும்."

வெள்ளிச் சங்கிலியை எடுத்துக்கொண்டோம். கழுவும்போது பூந்திக்கொட்டை நீரைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று பத்தர் சொன்னாராம். நான் அப்போது மனசுக்குள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன், அது காதில் விழவில்லை.

கப்பல் வந்தது. மாமியார் உங்கள் சங்கிலியை ஒரு விரலால் தூக்கினார், விட்டார். "எளச்சிட்டியேடி" என்றதோடு சரி. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு விட்டேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனபோது சங்கிலியை என்னிடம் கொடுத்தீர்கள். மங்கியிருக்கிறதே, சந்தேகம் வந்துவிடுமே என்று, குத்துவிளக்கு தேய்த்த கையோடு அதையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டேன். கொக்கிப் பக்கம் வெள்ளை வெளேரென்று வெள்ளி பல்லைக் காட்டியது. ஓடிவந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "பத்தரு ஏமாத்தல புள்ள, நல்ல வெள்ளிதான்."

கூந்தலால் மறைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தீர்கள். காளியம்மன் சந்நிதியில் மாமியார் உங்களுக்குப் பூ வைக்கக் கூந்தலை ஒதுக்கினார். அவர் கை நின்றது. "இது என்னடி?"

நீங்கள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஆத்தா, எம் மகளுக்காக வித்துட்டாங்க. இது முலாம். தேச்சுக் கெடுத்ததும் நாந்தான்."

அவர் திரும்பினார். என் மகள் வாய் நிறையப் பொங்கலோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தப் புள்ளயா?" என்று கேட்டு, நெடுநேரம் அவளையே பார்த்தார். பிறகு கொக்கியை மெல்ல நகர்த்தி, வெளுத்த இடத்தின் மேல் மல்லிகையைச் செருகினார். "யாரு கேட்டாலும் எஞ் சங்கிலின்னே சொல்லு" என்றார்.

அதற்குப் பின் உங்களுக்குப் பத்தரைமாற்றுச் சங்கிலியே வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதைத்தான் போட்டு வருவீர்கள். மறுமுலாம் பூசச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் உங்கள் மருமகள் இதைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, அத்தை கொடுக்கச் சொன்னார்கள் என்றாள்.

இப்போதுதான் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கனம் அப்படியே இருக்கிறது அக்கா. என் மகள் பூ வைக்க வந்தாள். கொக்கியைப் பார்த்ததும் பூவுக்கு அடியில் தள்ளப் போனாள்.

வேண்டாம், தெரியட்டும் என்றேன்.