மாலை போட்ட படம்

காஹாங்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

என் தோழி லோஷினி வீட்டு முகவரிக்கு நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எழுதுகிறேன். அம்மா எழுந்தால் செத்தேன்.

சிறையிலிருந்து நீங்கள் போட்ட விடுதலை மனு என்னவாயிற்று? வாரியத்தில் கூப்பிட்டு என்ன கேட்டார்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

உங்கள் ஷர்மினி

2 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

நலம். கூப்பிடவே இல்லையம்மா. தாளைப் பார்த்தார்கள், மூடினார்கள். பதில் ஒரே வரி: நிராகரிக்கப்பட்டது. ஏன், ஏன் என்று நச்சரித்ததில் ஓர் அதிகாரி எரிச்சலோடு சொன்னார்: "உங்களை ஏத்துக்க வீட்டுல ஆள் இல்லைன்னு ரிப்போர்ட்ல இருக்கு லா."

அன்றைய சண்டையில் ஓர் உயிர் போனது என்னால்தான். அதை நான் மறுத்ததே இல்லை. அதற்காக விடமாட்டோம் என்றால் தலைகுனிந்து போவேன். வீடே இல்லை என்று யார் சொன்னது? எதிரே உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் கடிதங்களைக் காட்டியிருப்பேனே!

அப்பா, அர்ச்சுனன்

16 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

யாரும் சொல்லவில்லை. படம்தான் சொன்னது.

இங்கே குடிவந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளையம்மா ஆன்ட்டி, "வீட்டுக்காரரு எங்கே?" என்று ஓயாமல் கேட்டார். தாங்க முடியாமல் அம்மா உங்கள் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பும் எரியவிட்டார். கேள்வி நின்றது.

அறிக்கை எழுத அதிகாரி வந்தபோது அம்மா வேலைக்குப் போயிருந்தார். வந்தவர் மாலையைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். "இதுதான் அப்பாவா?" என்றார். தலையாட்டினேன். ஆன்ட்டி வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை. உங்களை நாங்கள் தலைமுழுகிவிட்டோம் என்று நினைத்து அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

ஷர்மினி

6 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

உன்மேல் தப்பில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் பல்பா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் முடியவில்லை.

மறுபடி மனு போடலாமாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். நான் வந்து நின்றால் அம்மா அக்கம்பக்கத்தில் எப்படித் தலைகாட்டுவாள்? மாலை இருக்கட்டும். நீ பரீட்சைக்குப் படி. இனி எழுதாதே.

அப்பா

19 ஏப்ரல் 2025

அப்பா,

கோபம் கோபமாக வருகிறது. கேட்காமலேயே முடிவு எடுத்துவிட்டார்கள் என்று அத்தனை புலம்பினீர்களே, நீங்கள் என்னைக் கேட்டீர்களா? அம்மாவைக் கேட்டீர்களா?

நேற்று ராத்திரி நாற்காலிமேல் ஏறி மாலையைக் கழற்றிவிட்டேன். காலையில் அம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் ஆன்ட்டி வந்து நின்றார்.

"அலமாக்! மாலையைக் காணோம்?"

"அழுக்காயிருச்சுக்கா. அலசிக் காயப்போட்டிருக்கேன்" என்றார் அம்மா.

அவர் போனதும் அம்மா திரும்பினார். "எங்கடி அது?"

"குப்பை லாரில போயிருச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். பல்பை அணைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஆபீசர் திரும்ப வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லச் சொல்லு உங்கப்பாவை. நான் லீவு போடணும்" என்றார்.

மனுவைப் போடுங்கள். நேரில் பேச வேண்டும் என்று முதல் வரியிலேயே கேளுங்கள். உங்களைப் பேச விடவில்லையென்றால் என்னையாவது பேச விடச் சொல்லுங்கள்.

பதிலை நம் வீட்டுக்கே போடுங்கள்.

உங்கள் மகள்
ஷர்மினி அர்ச்சுனன்